மிடில்வேர் மேல் பழி போடும் முன்: கிளஸ்டர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

இரவு பத்தரைக்கு மேல் எனக்கு வரும் போன்கள் ஒரே மாதிரிதான் தொடங்கும். "அண்ணா, மிடில்வேர் புட்டுக்கிச்சி." மிடில்வேர் என்றால் லினக்ஸுக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள். நான் வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்துத் தம்பி ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஒரு சர்வர் அறையில் ஏசிக் குளிரில் நின்றுகொண்டிருப்பான். நான் முதலில் கேட்பது, "ரீஸ்டார்ட் பண்ணிட்டியா?" "பண்ணிட்டேன்ணா." சரி, போச்சு. பாதித் தடயம் அதோடு அழிந்துவிட்டது.

அந்த போன்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். அமைப்பு இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று முதல் ஆறு நோடுகள் (ஒரே கிளஸ்டராகச் சேர்ந்து வேலை செய்யும் சர்வர்கள்), ஒவ்வொன்றிலும் இரண்டு சாக்கெட் சிபியு, 256 ஜிபி ரேம், 25 கிகாபிட் நெட்வொர்க், ரெட் ஹேட் வகை லினக்ஸ். அதன் மேல் ஜாவா அப்ளிகேஷன் சர்வராக வைல்ட்ஃப்ளை, செய்திகளை வரிசையில் போட்டு வைக்க ராபிட்எம்க்யூ, பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், முன்னால் ஒரு லோடு பேலன்சர். நீங்கள் வெப்லாஜிக் வைத்திருந்தாலும் அறிகுறிகள் இவையேதான், ஃபைல் பெயர்கள்தான் மாறும்.

மிடில்வேர் புலம்பும் இடத்திலேயே கோளாறு இருப்பது அபூர்வம். பெயர், நேரம், வயர், வரம்பு என்று கீழே நான்கு சமாச்சாரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டிருக்கும், சத்தம் மட்டும் மேலே கேட்கும். எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து ஒரு எண்ணை மாற்றி, இன்னொரு எண்ணை மாற்றி, கடைசியில் எதை மாற்றினோம் என்றே தெரியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

ரீஸ்டார்ட் பொத்தானுக்கு விரல் போகும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு த்ரெடும் (பிராசஸுக்குள் ஓடும் தனி வேலை) எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் கட்டளையைச் சிக்கிய ஜாவா பிராசஸின் மேல் பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை ஓட்டி, மூன்றையும் ஃபைலில் சேமியுங்கள். வேலை நடுவே மூன்றிலும் ஒரே வரியில் நிற்கிற த்ரெட்தான் உங்கள் ஆள். அப்புறம் கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ், திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ், இந்த இரண்டின் வெளியீட்டையும் சேமியுங்கள். அதற்குப் பிறகு ரீஸ்டார்ட் செய்துகொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

"ஸ்டார்ட் ஆகிக்கினே கீதுண்ணா"

இருபது நொடியில் ஏற வேண்டிய சர்வர் ஐந்து நிமிடம் ஆகியும் ஏறவில்லை, சிபியு சும்மா இருக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, எது என்று நீங்கள் சேமித்த ஜேஸ்டாக் வெளியீடு, அதாவது த்ரெட் டம்ப், சொல்லிவிடும்.

செக்யூர்ரேண்டம் என்ற பெயருக்குள் த்ரெட் நின்றால், ஜாவா தற்செயல் எண்களுக்காகக் காத்திருக்கிறது. பழைய கர்னல்களில் ரேண்டம் டிவைஸில் போதிய சரக்கு சேரும் வரை படிப்பவரை நிறுத்தி வைத்துவிடும். கீபோர்டு, மவுஸ் எதுவும் இல்லாத புத்தம் புது சர்வரில் சரக்கு சேரவும் நேரமாகும். சரக்கைச் சேர்த்துத் தரும் ஆர்என்ஜி-டீமனை நிறுவி ஓடவிடுங்கள், அல்லது ஜாவாவைக் காக்க வைக்காத யூரேண்டம் பக்கம் திருப்பிவிடுங்கள். 2020-இல் வந்த 5.6 கர்னலில் இந்தத் தடையை எடுத்துவிட்டார்கள்.

தாமதம் 5 நொடி, 10 நொடி, 20 நொடி என்று ஐந்தின் மடங்கிலேயே வருகிறதா? அப்படியானால் டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபியாக்கும் சேவை. லினக்ஸ் ஒரு பெயர் சர்வரின் பதிலுக்கு வழக்கமாக 5 நொடி காத்திருக்கும், பதில் இல்லாவிட்டால் மறுபடி கேட்கும். ரிசால்வ் ஃபைலில் முதலில் இருக்கும் பெயர் சர்வர் செத்துப்போன ஒன்றாக இருக்கும். ஆபீஸ் மாறியபோது பழைய ரவுட்டரின் ஐபியை அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

"மூணும் ஏறிடுச்சி, ஆனா ஒண்ண ஒண்ணு பாக்கல"

அதிகமாக வரும் போன் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் கேள்வி: எந்தக் கான்ஃபிக் ஃபைலோடு ஏற்றினீர்கள்? வைல்ட்ஃப்ளையில் ஸ்டாண்டலோன் என்ற வெறும் ஃபைலில் கிளஸ்டர் வசதியே கிடையாது. பெயரின் கடைசியில் எச்ஏ என்று இருக்கும் ஃபைலோடுதான் ஏற்ற வேண்டும். அதோடு ஏற்றியும் கிளஸ்டர் போர்ட்டில் (இயல்பான யுடிபி அடுக்கில் 55200, டிசிபி அடுக்கில் 7600) யாரும் இல்லை என்றால் பதற வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டபிள் என்று குறிக்கப்பட்ட ஓர் அப்ளிகேஷனை டெப்ளாய் செய்தால்தான் கிளஸ்டர் சேவையே விழித்துக்கொள்ளும். அப்ளிகேஷன் இல்லாமல் கிளஸ்டரைச் சோதித்து ஒரு ராத்திரியை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது கேள்வி: எந்த முகவரியில் காது வைத்திருக்கிறது? எஸ்எஸ் வெளியீட்டில் அந்தப் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால், அந்த நோடு தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே இருந்து யாரும் அதைத் தொட முடியாது. வைல்ட்ஃப்ளையில் பிரைவேட் இன்டர்ஃபேஸின் இயல்பு முகவரியே இதுதான், ஏற்றும்போது நோடின் உண்மையான ஐபியைச் சொல்லித் தர வேண்டும். அதைச் செய்தும் சரியாகவில்லை என்றால் இடிசி கோப்புறையில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறங்கள். லினக்ஸ் நிறுவியவர் சர்வரின் பெயரை 127-இல் தொடங்கும் வரியிலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். பெயரைக் கொண்டு முகவரி தேடும் மென்பொருள் எல்லாம் அந்த வரியில்தான் போய் விழும். அந்த வரியில் லோக்கல்ஹோஸ்ட் மட்டும் இருக்கட்டும், சர்வரின் பெயருக்கு அதன் சொந்த ஐபியோடு தனி வரி போடுங்கள். எல்லா நோடுகளிலும் இந்த ஃபைல் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மூன்றாவது, கொஞ்சம் விசித்திரமானது. மூன்று நோடுகளும் ஏறியதும் ஒன்றை ஒன்று பார்க்கின்றன, நன்றாக வேலை செய்கிறது, தம்பி டீ குடிக்கப் போகிறான். நான்கு, ஐந்து நிமிடத்தில் பிரிந்துவிடுகின்றன. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி சேர்கின்றன, மறுபடி அதே நேரத்தில் பிரிகின்றன. இது ஸ்விட்சின் வேலை. நோடுகள் மல்டிகாஸ்ட்டில், அதாவது ஒருவர் அனுப்புவதைக் கேட்கும் குழு முழுக்கச் சேர்க்கும் முறையில், ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கின்றன. ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் போட்டிருந்தால், மல்டிகாஸ்ட் யாருக்கு வேண்டும் என்று அது கணக்கு வைத்திருக்கும். ஆனால் "இன்னும் வேணுமா?" என்று அவ்வப்போது கேட்க நெட்வொர்க்கில் ஒரு குவெரியர் வேண்டும். கேட்க ஆளில்லாவிட்டால் பதிலும் வராது, வழக்கமான அமைப்பில் 260 நொடியில் ஸ்விட்ச் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிடும். டீ ஆறும் நேரம்.

அந்த விலேனில் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) குவெரியரை இயக்குங்கள். ஆறு நோடுக்கு மல்டிகாஸ்ட் எதற்கு என்பது என் கட்சி. டிசிபி அடுக்குக்கு மாற்றி, உறுப்பினர் ஐபி பட்டியலைக் கையால் எழுதிவிட்டால் ஸ்விட்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். இன்னொரு நன்மையும் உண்டு. டெஸ்ட் சர்வரும் புரொடக்‌ஷனும் ஒரே மல்டிகாஸ்ட் முகவரியில் இருந்தால், யாரோ டெஸ்டை ஏற்றியதும் அது சொல்லாமல் கொள்ளாமல் புரொடக்‌ஷன் கிளஸ்டரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பந்திக்கு வந்த ஆளை யார் வீட்டுச் சொந்தம் என்று எவரும் கேட்காத கதைதான்.

ராபிட்எம்க்யூ நோடுகள் சேரவில்லை என்றால் பார்க்க வேண்டியவை குறைவு. நோடுகள் ஒன்றை ஒன்று நம்பப் பயன்படுத்தும் ரகசியச் சொல்லான எர்லாங் குக்கி எல்லா நோடிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், உரிமையாளர் மட்டுமே படிக்கும்படி 400 அனுமதி இருக்க வேண்டும். ஃபயர்வாலில் 4369, 25672 போர்ட்கள் நோடுகளுக்கு இடையே திறந்திருக்க வேண்டும். 5672-ஐ மட்டும் திறந்துவிட்டுக் குழம்புகிறவர்கள்தான் அதிகம். அது அப்ளிகேஷன்கள் வந்து போகும் வாசல், நோடுகள் பேசிக்கொள்ளும் வாசல் வேறு.

"லாகின் பக்கம் வருது, பெரிய ரிப்போர்ட் கேட்டா தொங்குது"

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு நாள் இதற்காக அலைந்தேன். பிங் போகிறது. எஸ்எஸ்எச் நுழைகிறது, பட்டியல் நீளமாக ஓடும் கட்டளை கொடுத்தால் மட்டும் திரை உறைகிறது. கிளஸ்டரில் சேர்கிறது, சின்ன செஷன் (லாகின் செய்தவரின் நடப்பு விவரம்) நகலாகிறது, பெரிய செஷன் வந்தால் மொத்தமும் நின்றுவிடுகிறது. வெண்டர் ஆள் காட்பாடியில் ரயில் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "ஜாவா வெர்ஷன் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு மதிய ரயிலில் திரும்பிவிட்டார்.

எஸ்எஸ் வெளியீட்டில் சென்ட்-க்யூ என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அனுப்பிவிட்டேன், எதிர்ப்பக்கம் கிடைத்ததாகச் சொல்லவில்லை என்று காத்திருக்கும் பைட்டுகளின் எண்ணிக்கை அது. இரண்டாம் நோடுக்குப் போகும் இணைப்புகளில் மட்டும் அந்த எண் ஏறிய இடத்திலேயே நின்றது. சிறிய பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை என்றால் எம்டியுதான், அதாவது ஒரு பாக்கெட்டுக்கு அனுமதித்த உச்ச அளவுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

வேகத்துக்காக நோடுகளில் ஜம்போ ஃபிரேம் போட்டிருந்தார்கள், அதாவது எம்டியு 9000. ஸ்விட்சிலும் போட்டிருந்தார்கள், ஒரே ஒரு போர்ட்டைத் தவிர. பழைய போர்ட் கெட்டுப்போய் கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றியபோது, அங்கே பழைய 1500 அப்படியே இருந்திருக்கிறது. பெரிய பாக்கெட்டை அது ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

சோதனை சுலபம். பிங் கட்டளையில் பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற விருப்பத்தைப் போட்டு, அளவை 8972 என்று கொடுங்கள். தலைப்புப் பகுதிகளின் 28 பைட்டைக் கூட்டினால் சரியாக 9000. எல்லா நோடிலிருந்தும் எல்லா நோடுக்கும், இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். 8972 போகாமல் 1472 போனால் நடுவில் யாரோ 1500-இலேயே உட்கார்ந்திருக்கிறார். புது கிளஸ்டர் எதுவானாலும் மிடில்வேரை நிறுவும் முன் இந்த பிங்கை இப்போது நான் ஓட்டிவிடுகிறேன். வெறும் பிங் போகிறது என்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

"லாக்ல ஒண்ணுமே இல்ல, பிராசஸ மட்டும் காணோம்"

கடைசி வரி சாதாரணமாக இருக்கிறது, அதற்குப் பிறகு வெறுமை. வெளியேறிய எண் 137 என்று இருந்தால் பெரும்பாலும் கர்னல்தான் கொன்றிருக்கும். 128-ஓடு சிக்னல் எண் 9-ஐக் கூட்டினால் வருவது அது. டிமெசேஜில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள், எந்தப் பிராசஸை, எப்போது என்று எழுதியிருக்கும்.

256 ஜிபி இருக்கிறதே என்று ஜாவா தன் பொருள்களை வைக்கும் மெமரியான ஹீப்பை 200-க்கு ஏற்றிவிடுகிறார்கள். ஜாவா ஹீப்போடு நிற்பதில்லை. ஒவ்வொரு த்ரெடின் ஸ்டாக்குக்கும் 1 எம்பி வரை, கிளாஸ் விவரங்களுக்கு மெட்டாஸ்பேஸ், ஹீப்புக்கு வெளியே நெட்வொர்க் பஃபர்கள் என்று தனிச் செலவு உண்டு. அதே நோடில் ராபிட்எம்க்யூவும் இருந்தால் அதற்கும் பங்கு. ஹீப் 32 ஜிபியைத் தாண்டினால் ஜாவா 4 பைட் சுட்டியை விட்டு 8 பைட் சுட்டிக்கு மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 34 ஜிபி ஹீப்பில் 31 ஜிபியை விடக் குறைவாகவே பொருள் அடங்கக்கூடும். ஒரு பெரிய ஜேவிஎம்முக்குப் பதில் 31 ஜிபி ஜேவிஎம் இரண்டை, சாக்கெட்டுக்கு ஒன்றாகக் கட்டிவைத்து ஓட்டுங்கள். வேண்டாத பொருள்களை மெமரியிலிருந்து ஜாவா குப்பை அள்ளும் (ஜிசி) நேரமும் குறையும்.

"டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்-ங்குது, லிமிட் ஏத்திட்டேனே"

லிமிட்ஸ் ஃபைலில் ஏற்றியிருப்பீர்கள். அது உள்ளே லாகின் செய்யும் மனிதருக்குத்தான். சிஸ்டம்டி ஏற்றும் சேவை அந்த ஃபைலைப் படிப்பதே இல்லை. சேவையின் யூனிட் ஃபைலில் லிமிட்நோஃபைல் வரியில் 65536 போடுங்கள், டீமன்-ரீலோடு செய்து சேவையை மறுபடி ஏற்றுங்கள். புரோக் கோப்புறையில் அந்தப் பிராசஸ் எண்ணுக்குக் கீழே இருக்கும் லிமிட்ஸைப் பார்த்து உறுதி செய்யுங்கள். புது நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை என்ற பிழைக்கும் இதே யூனிட் ஃபைல்தான், டாஸ்க்ஸ்மேக்ஸ் வரி.

"ரெண்டு பக்கமும் நாந்தான் லீடர்ங்குது"

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பிவிட்டார், கோட்டைக்குத்தான் ராஜா வரவில்லை. கிளஸ்டரைப் பொறுத்தவரை ராஜா இல்லாத கோட்டையைச் சமாளித்துவிடலாம், வேலை நிற்கும், அவ்வளவுதான். இரண்டு ராஜா இருக்கும் கோட்டைதான் ஆபத்து. ஒரே ஆர்டர் இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறியிருக்கும், பிறகு சேர்க்கும்போது எதை வைப்பது என்று யாருக்கும் தெரியாது.

பெரும்பான்மை உள்ள பக்கம் மட்டும் ஓட வேண்டும் என்பது விதி. மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று. நான்கு நோடுக்கும் மூன்று பேர் வேண்டும், ஆகவே நான்காவது நோடால் தாங்கும் சக்தி கூடுவதில்லை. ஆறு நோடு மூன்று மூன்றாகப் பிரிந்தால் எந்தப் பக்கமும் ஓடாது. ராபிட்எம்க்யூவை மூன்று அல்லது ஐந்து நோடில் மட்டும் வையுங்கள். பழைய 3.x பதிப்புகளில் பிரிவைக் கண்டுகொள்ளாமல் விடுவதே இயல்பு அமைப்பு, அதைச் சிறுபான்மைப் பக்கம் தானே நின்றுவிடும் பாஸ்-மைனாரிட்டிக்கு மாற்றுங்கள். முக்கியமான வரிசைகளை, பெரும்பான்மை நோடுகள் ஒப்பினால்தான் பதியும் கோரம் க்யூவாக உருவாக்குங்கள். பழைய மிரர் வரிசைகளை 4.0 பதிப்பில் எடுத்தே விட்டார்கள்.

சரி, ஏன் பிரிந்தது? "நெட்வொர்க் கட் ஆச்சி" என்பார்கள். கேபிள் அப்படியே இருக்கும். அந்த நோடில் ஜாவா முழுக் குப்பை அள்ளலில் 40 நொடி உறைந்து நின்றிருக்கும், பக்கத்து நோடுகள் அதைச் செத்துவிட்டதாக எண்ணியிருக்கும். பக்கத்து நோடு "சஸ்பெக்ட்" என்று எழுதிய நொடியையும் இந்த நோடின் ஜிசி லாக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அப்படி ஒப்பிட மூன்று நோடின் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி ஓடுகிறதா, எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை க்ரோனிசி டிராக்கிங் காட்டும். கடிகாரம் பின்னால் ஓடினால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பிழையும் சேர்ந்தே வரும்.

"காலைல மொத க்ளிக் மட்டும் தொங்குது"

அப்ளிகேஷன் நோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஃபயர்வால் இருக்கிறதா? ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த இணைப்பை அது மறந்துவிடும், இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது. லினக்ஸின் கீப்அலைவ் 7200 நொடிக்குப் பிறகுதான் தட்டிப் பார்க்கும், ஃபயர்வால் அதற்கு முன்பே மறந்திருக்கும். காலையில் முதல் ஆள் க்ளிக் செய்ததும், இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் பூல் அந்தச் செத்த இணைப்பை எடுத்துக் கொடுக்கிறது. லினக்ஸ் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துக் கைவிட வழக்கமாக 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். தொங்கிய நேரம் கால் மணியை ஒட்டி இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். பூலில் பின்னணிச் சரிபார்ப்பை இயக்குங்கள், கீப்அலைவ் நேரத்தை 300 நொடிக்கு இறக்குங்கள். போஸ்ட்கிரெஸ் ஜேடிபிசி டிரைவரில் டிசிபி கீப்அலைவ் தானாக வராது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

டேட்டாபேஸ் லாக்கில் "சாரி, டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி" என்று வந்தால் அது வெறும் வாய்ப்பாடு. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100, அதில் 3 சூப்பர் யூசருக்கு ஒதுக்கியவை. நோடுக்கு 30 என்று ஆறு நோடில் பூல் வைத்தால் 180. ஒரு நோடில் சோதித்தபோது எல்லாம் சரியாகத்தானே இருந்தது என்பார்கள், இருக்கும். வரம்பை 1000-க்கு ஏற்றாதீர்கள், அங்கே ஒவ்வொரு இணைப்பும் தனிப் பிராசஸ். பூலை நோடுக்கு 15 ஆக்கினால் 90-இல் முடிந்துவிடும், பெரும்பாலும் அதுவே போதும்.

"லாகின் பண்ணா திரும்ப லாகின் கேக்குது"

லோடு பேலன்சர் ஒவ்வொரு க்ளிக்கையும் ஒவ்வொரு நோடுக்கு அனுப்புகிறது, செஷன் முதல் நோடிலேயே கிடக்கிறது. ஒரு ஆளை எப்போதும் ஒரே நோடுக்கு அனுப்பும் ஸ்டிக்கி செஷனைப் போடுங்கள். போட்ட பிறகும் ஒரு நோடை இறக்கும்போது எல்லோரும் வெளியே தள்ளப்பட்டால், செஷனுக்குள் வைத்த ஏதோ ஒரு பொருள் சீரியலைசபிள் இல்லை, அதாவது பைட்டாக்கி இன்னொரு நோடுக்கு அனுப்ப முடியாதது. லாக்கில் அந்தக் கிளாஸின் பெயரே இருக்கும். டெவலப்பரைக் கூப்பிடுங்கள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஸ்லோ"

வெயிலூர் என்று நம் ஊரை எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள், அதில் ஒன்றும் பொய் இல்லை. கத்திரியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே ஏசி திணறும். சர்வருக்குள் போகும் காற்று 18-இலிருந்து 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சிபியு சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பிழை என்று மிடில்வேர் எதையும் எழுதாது. செஷனை ஒத்திசைவாக நகலெடுக்கும் கிளஸ்டரில் ஒரே ஒரு நோடு மெதுவானால் போதும், மற்றவை அதன் பதிலுக்காக வாசலில் நிற்கும்.

ஐபிஎம்ஐ-டூலில் எல்லா நோடின் உள்காற்று வெப்பத்தையும் வரிசையாக எடுங்கள். கர்னல் லாக்கில் த்ராட்டில் என்ற சொல்லைத் தேடுங்கள். ஆம்பூரில் ஒரு காலணி நிறுவனத்தில் ஐந்து நோடு 26-இல் இருக்க, ரேக்கின் உச்சியில் இருந்த ஆறாவது மட்டும் 38-இல் இருந்தது. அதற்குக் கீழே நாலு இடம் காலி, மூடியும் போடவில்லை. பின்பக்கத்துச் சூடு காற்று அந்த ஓட்டை வழியாக முன்னால் சுற்றி வந்து அதே நோடுக்குள் போய்க்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தால் இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி அடித்தது. மூடும் பேனல் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை அந்த நோடை இறக்கி நாலு இடம் கீழே நகர்த்தினோம். மறுநாள் மூன்று மணிக்குத் தம்பியிடம் எண் கேட்டேன். "இருபத்தேழுண்ணா."